ஆள் இருக்கிறவர்கள்

நெட்டை பையை அமுக்கினாள். தம்பியின் நெஞ்சு எழுந்தது. விரல்களைத் தளர்த்தினாள். நெஞ்சு தாழ்ந்தது. பை தானாக உப்பி நிற்கும்வரை காத்திருந்து மறுபடி அமுக்கினாள்.

தேங்காய் அளவுக்கு ஒரு ரப்பர் பை. அதன் ஒரு முனையில் சிலிண்டரிலிருந்து வரும் குழாய். மறுமுனை தம்பியின் வாய் வழியாகத் தொண்டைக்குள் இறங்கும் குழாயோடு பொருத்தப்பட்டிருந்தது. ஐசியூ கதவுக்கு வெளியே, வராந்தாச் சுவரை ஒட்டிய ஸ்ட்ரெச்சரில் அவன் கிடந்தான். கதவுக்கு உள்ளே மெஷின்கள் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மெஷின் கிடைக்காதவர்களுக்கு வெளியே அவரவர் வீட்டு ஆட்கள் கையால் விட்டார்கள்.

தம்பி டைல்ஸ் ஒட்டுகிறவன். ஒருநாள் காலையில் பாதம் மரத்துப்போச்சு என்றான். மறுநாள் முழங்கால் மடங்கவில்லை. அப்புறம் கை. அப்புறம் மூச்சு. நரம்பைப் பிடிக்கிற நோய், காலில் தொடங்கி மேலே ஏறும், ஏறின மாதிரியே இறங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். இறங்கும்வரை மூச்சை யாராவது பார்த்துக்கொண்டால் பழையபடி எழுந்து நடப்பான்.

"எத்தனை நாளாகும் டாக்டர்?"

"நாலு வாரம்னு வெச்சுக்கங்க. கூடவும் ஆகலாம்."

உடம்பில் எதுவும் அசையாவிட்டாலும் அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. காது கேட்டது. கண் அசைந்தது. எதிர்ச் சுவரில் பதித்திருந்த டைல்களில் ஒன்று கோணலாக இருந்தது. வந்த முதல் நாளே அது அவன் கண்ணில் பட்டுவிட்டது. நெட்டை அதைப் பார்த்துச் சிரித்தாள். "எவன்டா ஒட்டினான் இதை? உன் கூட்டாளியா?" என்று கேட்டாள். அதிலிருந்து அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டானது. ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் 'ஆமாம்'. கோணல் டைலைப் பார்த்தால் 'இல்லை'.

"ஏ நெட்டை, எந்திரி" என்றபடி சோடாபுட்டி வந்தாள். கண்ணாடியில் ஈரக்கையின் தடம். "உன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தா அவனுக்கு இன்னொரு சீக்கு வந்துரும். என்ன தம்பி, நான் சொல்றது சரிதானே?"

தம்பி கண்ணை மூடித் திறந்தான்.

"பார்த்தியா."

இருவர் கைகளும் ஒருகணம் பையின்மேல் சேர்ந்திருந்தன. ஒரு மூச்சுகூடத் தவறாமல் பை கைமாறியது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பை மடிக்கும்போது முனைகள் கைமாறுவது போல.

இருவரும் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தார்கள். அது கட்டடத்தின் அடியில், வெளிச்சம் வராத இடத்தில் இருந்தது. அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் ஷிப்டுக்கு முன்னால் கொஞ்சம், சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், வேலை முடிந்ததும் கொஞ்சம் என்று மாடிக்கு வந்து பையைப் பிடித்தார்கள். பிளீச்சிங் தண்ணீரில் வெடித்துப்போன விரல்கள். ஆனால் நாளெல்லாம் ஈர விரிப்பைப் பிழிந்து பழகிய விரல்கள். சீக்கிரம் அசரவில்லை.

தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் என்ன என்று யாரோ கேட்டபோது சோடாபுட்டி சொன்னாள்: "விக்கிறதுக்கு இவகிட்ட என்ன இருக்கு? உசரத்தைத்தான் விக்கணும்."

பக்கத்து ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் கிடந்தாள். சூளையில் அடுக்கியிருந்த செங்கல்லை எடுக்கும்போது இடுக்கில் இருந்த பாம்பு கடித்துவிட்டது. கண் இமைகளைத் தூக்க முடியவில்லை. மூச்சும் நின்றுபோய்க் குழாய் போட்டிருந்தார்கள். புருஷன் ஒருத்தன் மட்டும் கூட வந்திருந்தான். நகக்கண்ணெல்லாம் செம்மண். அவன் பையைச் சட்டுச்சட்டென்று அமுக்கினான்.

"அப்படி அமுக்காதப்பா" என்றாள் நெட்டை. "துருத்தியா ஊதுற? நீ மூச்சு விடு. விட்டியா? இப்ப அவளுக்குக் குடு. உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு."

அவன் உதட்டைக் குவித்து மூச்சு விட்டான். பிறகு அமுக்கினான். மறுபடி மூச்சு விட்டான்.

"அவ்வளவுதான். ஒண்ணையும் தப்பவிடாத."

"சரிக்கா."

அன்று மாலைக்குள் அவன் தலை முன்னால் சாய ஆரம்பித்தது. சோடாபுட்டி அவன் தோளைத் தட்டி எழுப்பி, தரையில் படுக்கச் சொல்லி, பையை வாங்கிக்கொண்டாள். அதற்குப்பிறகு சலவைக்காரிகள் இரண்டு ஸ்ட்ரெச்சரையும் பார்த்துக்கொண்டார்கள். ஒருசமயம் நெட்டை நடுவில் உட்கார்ந்து, இடது கையில் தம்பியையும் வலது கையில் அந்தப் பெண்ணையும் வைத்துக்கொண்டிருந்தாள். செங்கல்காரன் விழித்துப் பார்த்துவிட்டு, எழுந்து அவள் காலைத் தொட வந்தான்.

"கை சும்மா இல்லப்பா, உதைக்கத்தான் முடியும்" என்றாள். "உக்காரு."

வார்டுகளில் அழுக்கு விரிப்பைச் சுருட்டித் தகரச் சரிவில் கீழே தள்ளுவார்கள். அது நேராகச் சலவைக்கூடத்தில் வந்து விழும். விரிப்பு மட்டும் மாறியிருந்தால் முடிச்சு இருக்காது. நோயாளி தேறி எழுந்து போயிருந்தால் ஒற்றை முடிச்சு. இறந்துபோயிருந்தால் இரட்டை முடிச்சு. அதைத் தனித் தொட்டியில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். யாரும் எழுதிவைத்த விதியல்ல, கைப்பழக்கத்தில் வந்தது. அதனால் எந்தக் கட்டில் காலி என்பது ஆபீசுக்குத் தெரிவதற்கு முன் சலவைக்காரிகளுக்குத் தெரிந்துவிடும். ஐசியூ விரிப்புக்கு நீலக் கரை.

நெட்டை வேலையில் இருந்தபோது ஒரு நீலக் கரை மூட்டை வந்து விழுந்தது. இரட்டை முடிச்சு.

"வந்துருச்சு!" என்றாள்.

தொட்டியில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நெட்டை குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தாள். உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி கிடந்தது. காதில் மாட்டும் கம்பி ஒன்று உடைந்து, அதற்குப் பதிலாக நூல் கட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்து அலமாரித் தட்டில் வைத்தாள். பிறகு மாடிப்படி ஏறினாள்.

டாக்டரம்மா வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதுதான். கோட்டுப் பையில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் துருத்திக்கொண்டிருந்தது.

"ஒரு மெஷின் காலி" என்றார். "நான் அந்தப் பொண்ணை எடுத்துக்கறேன்."

நெட்டை வாயைத் திறந்தாள்.

"கேளுங்க. பாம்பு விஷம் ரெண்டு மூணு நாள்ல இறங்கிரும். மெஷின் திரும்ப வந்துரும். உங்க தம்பிக்குப் போட்டா ஒரு மாசம் எடுக்க முடியாது. அந்த ஒரு மாசத்துல அதே மெஷின்ல எத்தனை பேரை அனுப்பலாம்னு நான் பார்க்கணுமா இல்லையா?"

"அவனும் பிழைக்கிற சீக்குதானே டாக்டர்?"

"பிழைக்கிற சீக்குதான். அதுவுமில்லாம உங்களுக்கு ஆள் இருக்கு. நல்லா பார்த்துக்கறீங்க. இவருக்கு யாருமில்ல. இவர் அசந்தா அந்தப் பொண்ணு அவ்வளவுதான்."

அதில் பொய் எதுவும் இல்லை. செங்கல்காரன் எச்சிலை விழுங்கிக்கொண்டு நெட்டையையே பார்த்தான்.

"சரிங்க" என்றாள் நெட்டை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போக, கதவை அவளே இழுத்துப் பிடித்தாள்.

டாக்டரம்மா சொன்னபடியே நடந்தது. பாம்பு கடித்த பெண் கண்ணைத் திறந்தாள், குழாயை எடுத்தார்கள், பொது வார்டுக்கு மாற்றினார்கள். நீலக் கரை மூட்டை ஒற்றை முடிச்சோடு வந்து விழுந்தபோது சலவைக்கூடமே கைதட்டியது. சோடாபுட்டி மூட்டையைத் தலையில் வைத்து ஒரு சுற்று ஆடினாள். மாடிக்குப் போய்க் கேட்டபோது அந்த மெஷினைப் பிரசவத்தில் ரத்தம் போன ஒரு பெண்ணுக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நேராக உள்வழியாகவே கொண்டுபோயிருந்தார்கள்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சுக்குள் சளி கட்டிக் கரகரத்தது. சிஸ்டர் வந்து குழாய்க்குள் இன்னொரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சும்போதெல்லாம் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவனால் கையைத் தூக்க முடியாது.

"எத்தனை நல்ல கையா இருந்தாலும் கைதான்" என்றார் டாக்டரம்மா, நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். நுரையீரல் ஒரு பக்கம் சுருங்க ஆரம்பிச்சிருக்கு. இப்படியே ரொம்ப நாள் ஓட்ட முடியாது."

"அப்ப மெஷின் போடுங்க."

"காலியானதும் பார்க்கறேன்."

அந்த வாரம் தியேட்டருக்கு விரிப்பு நேரத்துக்குப் போகவில்லை. சலவைக்கூடச் சூப்பர்வைசர் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அவரும் இரண்டு முறை வந்து பையைப் பிடித்தவர்தான்.

"இங்க பாருங்கம்மா. எனக்கும் மனசு இருக்கு. ஆனா மேலருந்து கேக்கறாங்க. வேலை நேரத்துல யாரும் மாடி ஏறக்கூடாது. மீறினா காண்ட்ராக்டை மாத்திடுவோம்ங்கறாங்க. அப்புறம் எல்லார் வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிரும்."

நெட்டைக்கு மட்டும் லீவு கொடுத்தார். சம்பளம் கிடையாது.

சோடாபுட்டி வேலை முடிந்து வந்து தம்பியின் பையை வாங்கிக்கொண்டாள்.

"நெட்டை, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாம நல்லா பண்றோம்டி. அதான் நமக்குக் கிடைக்கல."

"என்ன உளர்ற?"

"உளறல. உள்ள போனவங்களை எண்ணிப் பாரு. ஒருத்தருக்கும் ஆள் இல்ல. நாம மெஷின் மாதிரி வேலை செஞ்சா அவங்க எதுக்கு மெஷின் குடுக்கப் போறாங்க? அடுத்த தடவை காலியாகறப்ப எங்களை யாரையும் இங்க வெச்சுக்காத. நீ ஒருத்தி இரு. தலையைச் சீவாத. கேட்டா, யாருமில்ல, எல்லாரையும் தடுத்துட்டாங்கன்னு சொல்லு. பாதி நிஜம்தானே?"

நெட்டை பக்கத்து ஸ்ட்ரெச்சரைப் பார்த்தாள். இப்போது அங்கே வேறொருவன் கிடந்தான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவன். கூட வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவில்லை. வார்டு உதவியாளர் அவன் பையை அமுக்கிக்கொண்டே, "எனக்கு வேற வேலையே இல்ல பாரு, நாலு பாத்ரூம் கழுவாமக் கிடக்கு" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நெட்டை தம்பியின் பக்கம் குனிந்தாள். "கேட்டியாடா? அப்படிச் செய்யட்டுமா?"

தம்பியின் கண்கள் சாரக்காரன் இருந்த பக்கம் போயின. பிறகு சுவருக்குப் போய்க் கோணல் டைலில் நின்றன.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் நெட்டை. "நல்லவனாட்டம் சாகறதுக்கெல்லாம் உனக்கு நான் லீவு குடுக்கல."

அவன் கண்ணை மூடித் திறக்கவில்லை. டைலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் நடுப்பகலில் சோடாபுட்டி மூச்சு வாங்கப் படியேறி வந்து வராந்தா முனையில் தலையை நீட்டினாள். பேசவில்லை. இரண்டு கைகளாலும் காற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினாள். அதன் மேல் இன்னொரு முடிச்சு. தண்ணீர் கொடுக்க வந்திருந்த, சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நெட்டை நடிக்கத் தேவையிருக்கவில்லை. முந்தின நாள் மாலையிலிருந்து இடையில் கொஞ்சம் தவிர அவள்தான் அமுக்கிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மடங்க மறுத்தது. இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு சேர்த்து வைத்து அமுக்கினாள். ஜாக்கெட் கை கிழிந்திருந்தது. கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல் இருந்தது.

கதவு திறந்தது. டாக்டரம்மாவும் சிஸ்டரும் வெளியே வந்தார்கள். டாக்டரம்மா சாரக்காரனின் நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார். இமையை விரித்து டார்ச் அடித்தார். பிறகு இந்தப் பக்கம் வந்து தம்பியின் நகங்களைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தன.

"மத்தவங்க எங்க?"

"யாருமில்ல டாக்டர். வரவிடமாட்டேங்கறாங்க. நான் மட்டும்தான்."

"ராத்திரியும் நீங்களா?"

"நான்தான்."

டாக்டரம்மா நெட்டையின் கையைப் பார்த்தார். கட்டைவிரல் மடங்காமல் விறைத்து நின்றது. திரும்பிச் சாரக்காரனைப் பார்த்தார். வார்டு உதவியாளர் அமுக்குவதை நிறுத்தாமல் நிமிர்ந்தார். டாக்டரம்மா மூக்குத்தண்டை இரண்டு விரலால் அழுத்திவிட்டுக்கொண்டார்.

"அவரை நீங்க இன்னும் ஒரு நாள் பார்த்துக்குவீங்களா?" என்று உதவியாளரைக் கேட்டார்.

"பார்க்கச் சொன்னா பார்க்கறேன். பாத்ரூமுக்கு வேற ஆள் போடுங்க."

"சரி" என்றார் டாக்டரம்மா. சிஸ்டரிடம் திரும்பினார். "இவர் ஸ்ட்ரெச்சரோட பிரேக்கை..."

படியில் திமுதிமுவென்று காலடிச் சத்தம் கேட்டது.

"அக்கா!"

செங்கல்காரன் வந்துகொண்டிருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். பின்னால் இரண்டு பேர், சூளைக்காரர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒருவன் கையில் பன் பொட்டலம்.

"இப்பத்தான் வாட்ச்மேன் சொன்னான். உங்க ஆளுங்களை எல்லாம் தடுத்துட்டாங்களாமே. நான் ஒருத்தன் இருக்கறப்ப நீங்க எதுக்குக்கா தனியாக் கிடந்து சாகணும்? இவங்க ரெண்டு பேரும் நம்ம பசங்க, கூலியை விட்டுட்டு வந்திருக்கானுங்க. என் வீட்டுக்காரி நாளைக்கு வீட்டுக்குப் போயிருவா, நான் எங்கயும் போகமாட்டேன். எந்திரிங்க. எந்திரிங்கக்கா."

நெட்டை எழுந்திருக்கவில்லை. அவன் அவளுடைய கைகளின் மேல் தன் கைகளை வைத்தான். உதட்டைக் குவித்து ஒரு மூச்சு விட்டான். பிறகு அமுக்கினான். அவள் விரல்கள் அவளைக் கேட்காமலே வழுக்கி வெளியே வந்தன. ஒரு மூச்சுகூடத் தவறவில்லை.

"நீங்கதான்கா சொல்லிக் குடுத்தீங்க" என்றான். டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "மூணு பேர் இருக்கோம் டாக்டர். மாத்தி மாத்திப் பார்த்துக்குவோம். நீங்க கவலையே படாதீங்க."

டாக்டரம்மா மூன்று பேரையும் பார்த்தார். பிறகு நெட்டையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தோள்கள் கொஞ்சம் இறங்கின.

"நல்லதாப் போச்சு" என்றார்.

சிஸ்டர் தம்பியின் ஸ்ட்ரெச்சர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். பக்கத்து ஸ்ட்ரெச்சருக்குப் போனாள். வார்டு உதவியாளர் பையை அமுக்கியபடியே பக்கவாட்டில் நடக்க, சாரக்காரனின் ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டி உள்ளே போனது. கதவு ஆடி ஆடி நின்றது.

நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூளைக்காரன் ஒருவன் பன் ஒன்றைப் பிய்த்து அவளிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டாள். கையிலேயே வைத்திருந்தாள்.

"பார்த்தீங்களாக்கா" என்றான் செங்கல்காரன். "ஒண்ணுகூடத் தப்பல."

அவன் நெற்றியில் வியர்வை. உனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு என்று உதடு கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. நெட்டை அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா அமுக்குறப்பா" என்றாள்.

கதவு மறுபடி திறந்தது. சிஸ்டர் வந்தாள். சாரக்காரனிடமிருந்து கழற்றிய ரப்பர் பை அவள் கையில் இருந்தது. கழுவியிருந்தாள். தண்ணீர் சொட்டியது. தம்பியின் ஸ்ட்ரெச்சர் கம்பியில் அதை மாட்டினாள்.

"இது உங்களுக்குத்தான்" என்றாள். "அது கிழிஞ்சாலும் இது இருக்கட்டும்."

செங்கல்காரன் குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தான். "எப்படி தம்பி, சரியா வருதா மூச்சு?"

தம்பி அவனைப் பார்த்தான். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தான். செங்கல்காரன் சிரித்தான். பிறகு அந்தக் கண்கள் மெல்ல நகர்ந்து, கம்பியில் தொங்கிய பையைத் தாண்டி, சுவருக்குப் போய், கோணலாக இருந்த டைலில் நின்றன. அங்கிருந்து திரும்பவில்லை.